விருப்பமிருந்தா

உலர்ந்த திராட்சை ஒன்றைத் தின்பதற்கு நடைமுறை உண்டு. முதலில் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், திராட்சை என்ற ஒன்றையே இதற்குமுன் கண்டிராதவரைப் போல. பிறகு காதருகே கொண்டுபோய் விரலால் அழுத்திக் கேட்க வேண்டும். அடுத்து மூக்கு, உதடு, நாக்கு. பல்லுக்கு வேலை கடைசியில்தான். மன அழுத்தத்தைத் தணிக்கும் கவனப் பயிற்சியின் முதல் வகுப்பு இப்படித் தொடங்க வேண்டும் என்று எங்கள் கையேடு சொன்னது. கையேடு சொன்னால் நான் நம்புவேன். அரசாங்க வேலையில் தலை நரைத்தவன்.

எங்களுக்கு வகுப்பெடுத்த பயிற்சியாளர் தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் பேசுகிறவர். "இப்போது அதன் சுருக்கங்களைப் பாருங்கள்" என்று அவர் சொன்னபோது என் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"முழுங்கிட்டேன் சார். அடுத்தது என்னா?"

அதுதான் சிஸ்டர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தொலைபேசியில் கூப்பிட்டு, "தலைப்பெழுத்து தப்பு. திருத்து" என்பார். எங்கள் பக்கத்தில் அவருக்குப் பெயர் தேவைப்பட்டதும் இல்லை. மலேசியாவில் தம்பினுக்கும் கெமாசுக்கும் நடுவிலுள்ள தோட்டங்களில் சிஸ்டர் என்றால் ஒருவர்தான். அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டை ஓய்வு பெறும்வரை ஆண்டவர். நான் அதே மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். வார்டுக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் நடுவே ஒரு நீண்ட நடைபாதை இருந்தது. அவர் குரலுக்கு அது போதாது.

தமிழ் இலக்கணத்தில் வினைகள் பலவகை. சிஸ்டருக்குத் தெரிந்தது ஏவல் வினை ஒன்றுதான். உக்காரு. படு. இழு. விடு. தள்ளு. ஒருமுறை தலைமையகத்திலிருந்து இயக்குநர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். கோப்பைச் சுமந்துகொண்டு நான் பின்னால் நடந்தேன். பிரசவ வார்டில் நுழைந்ததும் சிஸ்டர் அவர் கையில் ஒரு ட்ரிப்ஸ் புட்டியைக் கொடுத்து, "தூக்கிப் புடி" என்றார். அதைத் தொங்கவிடும் கம்பம் உடைந்திருந்ததாம். இயக்குநர் தூக்கிப் பிடித்தார். நேரம் போனது. வரவேற்புக்கான தேநீர் ஆறியது. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "இதை எப்போது விடலாம் என்று அந்த அம்மா சொல்லவில்லையே" என்றார். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சுற்றறிக்கைகளையும் மனத்தில் புரட்டினேன். அவற்றில் எதுவும் இதற்கு உதவவில்லை.

இப்படிப்பட்டவர் மனத்தை அமைதிப்படுத்தும் ஆசிரியராகப் பயிற்சி பெற வந்தது ஏன் என்பது எனக்கு ரயிலில்தான் தெரிந்தது. வகுப்புகள் கோலாலம்பூரில் நடந்தன. சிரம்பானில் ஏறி ஒன்றாகப் போய்வருவோம்.

"நீங்க ஏன் சார் சேந்தீங்க?" என்று முதலில் என்னைத்தான் விசாரித்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பின்பற்றுவதற்கு ஒரு நடைமுறையும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது என்றேன்.

"கிராணி வூட்டுப் புள்ளைங்களுக்கு ரூல்ஸ் இல்லாட்டி சோறு எறங்காது" என்றார். என் தாத்தா தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி. சிஸ்டருடைய பெற்றோர் அதே பக்கத்தில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டியவர்கள். இரண்டு தலைமுறை கழித்தும் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவார். நானும் வாய்ப்பு கொடுப்பேன்.

"நீங்கள் ஏன் சேர்ந்தீர்கள்? மன அழுத்தமா?"

"எனக்கா? எனக்கு ஏது சார் ஸ்ட்ரெஸ்ஸு? நான் குடுக்கறவ" என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம்பொண்ணு சொல்லிட்டா சார். நாளைக்கு அவளுக்குப் புள்ள பொறந்தா நான் லேபர் ரூம் உள்ள வரக் கூடாதாம். காரிடோர்ல உக்காரணுமாம். நான் இருந்தா அவளுக்கு டென்ஷனாம். இன்னும் உண்டாகவே இல்ல லா, அதுக்குள்ள எனக்கு நோட்டீஸு!"

"அதற்கு இந்தப் பயிற்சி?"

"சர்ட்டிபிகேட் எடுத்துக் காட்டறேன். அம்மா இப்ப டென்ஷன் கொறைக்கிற டீச்சரு, பாருன்னு. அப்ப என்னா சொல்றான்னு பாக்கலாம்."

எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவருக்குத் தன் வீட்டுப் பிள்ளை பிறக்கும்போது நடைபாதை நாற்காலி. வழியெல்லாம் செம்பனை எண்ணெய் மர வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைத் திட்டுவதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆசிரியர் ஆவது அவர் நினைத்ததுபோல் எளிதல்ல. முதலில் எட்டு வார வகுப்பில் மாணவராக உட்கார வேண்டும். பிறகு பயிற்சிப் பட்டறைகள், ஒரு முழு நாள் மௌனம். அதன் பிறகு மேற்பார்வையில் நாமே ஒரு குழுவுக்கு எட்டு வாரம் நடத்த வேண்டும். அதைப் பதிவுசெய்து அனுப்பினால் பயிற்சியாளர் பார்த்து மதிப்பிடுவார். இந்தப் படிகளையெல்லாம் நான் அவருக்கு வரிசையாக விளக்கினேன். "ஐசி எடுக்கறது இதவிட ஈசி" என்றார், அடையாள அட்டையைச் சொல்லி.

மௌன நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட்டிக்சன் கடலோர விடுதி ஒன்றில் காலையிலிருந்து யாரும் பேசக் கூடாது, கண்ணாலும் பேசக் கூடாது. மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டபோது, "உப்பு கம்மி. போடு" என்று ஓர் ஆணை கேட்டது. சமையலறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து போட்டார். மீண்டும் மௌனம் நிலவியது.

பயிற்சியாளருக்குச் சிஸ்டருடன் இருந்த முதல் சிக்கல் ஏவல் வினைதான். இந்தப் பயிற்சியில் ஆசிரியர் கட்டளையிடக் கூடாது. அழைப்பு விடுக்க வேண்டும். 'கண்களை மூடிக்கொள்ள விரும்பினால் மூடிக்கொள்ளலாம்' என்று சொல்ல வேண்டும். வியங்கோளையும்விட மென்மையான ஒரு வினை. சிஸ்டர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை அவர் நடத்திக் காட்டியபோது இப்படி இருந்தது:

"உக்காருங்க. விருப்பமிருந்தா. முதுக நிமித்து. விருப்பமிருந்தா. கண்ண மூடு. மூடுன்னா மூடு. விருப்பமிருந்தா."

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல முன்னேற்றம்" என்றார்.

இருவர் சேர்ந்து குழு நடத்தலாம் என்று விதியில் இடம் இருந்ததால் நாங்கள் சேர்ந்துகொண்டோம். இடம் அவர் பிறந்த தோட்டத்துக் கோயில் மண்டபம். தம்பினிலிருந்து கொஞ்ச தூரம். லயங்களில், அந்தப் பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில், இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நம்மவர்கள் பக்கத்துத் தாமானில், புதுக் குடியிருப்பில், வீடு வாங்கிக்கொண்டு செனாவாங் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குத் திரும்புகிறார்கள்.

வகுப்புக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் பல நாள் யோசித்து 'முழுமன விழிப்புக் கவனம்' என்று ஆக்கியிருந்தேன்.

"இத வாசல்ல ஒட்டுனா ஏதோ பூசைன்னு நெனச்சி தட்டோட வருவாங்க சார்" என்றார் சிஸ்டர். "சாதாரணமா ஒரு பேரு வைங்க. நம்ம ஆளுங்க வாயில வர்ற பேரு."

அவரே வைத்தார். அடுத்த நாள் மளிகைக் கடைச் சுவரிலும் கோயில் வாட்ஸப் குழுவிலும் அறிவிப்பு வந்துவிட்டது: நிதான வகுப்பு. ஞாயிறு காலை. கோயில் மண்டபம். இலவசம். சிஸ்டர் நடத்துகிறார்.

நிதானம் நல்ல சொல். என் சொல்லைவிட நல்ல சொல் என்று ஒப்புக்கொள்கிறேன். அதில் பொறுமை இருக்கிறது, விழிப்பு இருக்கிறது, அளவறிந்து நடப்பதும் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பிழைப்பு ஒன்றுதான். 'உம் புருசன் நிதானத்துல இருக்கானா?' என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்டால், அவன் பொறுமைசாலியா என்று கேட்கவில்லை. குடித்திருக்கிறானா என்று கேட்கிறாள். நாங்கள் இருவரும் இதே ஊர்க்காற்றில் வளர்ந்தவர்கள். இருவருக்கும் அது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லாரும் ஆண்கள். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, தண்டனைக்கு வந்தவர்களைப் போல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள்களின் பக்கத்தில் மனைவிமார் நின்றார்கள், யாரும் பின்பக்கமாக நழுவிவிடாதபடி.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற மணியம் எழுந்து கைகட்டி நின்றார். "சிஸ்டர், நான் குடிக்கறவன் இல்ல. சனிக்கெழம மட்டுந்தான்."

"வெள்ளிக்கெழமையும்" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு பெண் குரல்.

"அது கணக்கில்ல லா, அது சும்மா பீரு."

எனக்கு விஷயம் புரிந்தது. சிஸ்டரைத் தனியே அழைத்தேன். குடிப்பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களை முன்கூட்டிப் பேசிப் பார்க்காமல் இந்த வகுப்பில் சேர்க்கக் கூடாது என்பது விதி. இது மருத்துவமனைச் சிகிச்சைக்கு மாற்று அல்ல. எனவே தவறாகப் புரிந்துகொண்டு வந்த எல்லாரையும் நன்றி கூறி அனுப்பிவிடுவதே முறை என்று விளக்கினேன்.

முழுவதையும் கேட்டார். பிறகு வாசலைக் காட்டினார். "ரொம்ப சரி சார். இதே பேச்ச அந்தப் பொம்பளைங்ககிட்டப் போயி சொல்லிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

நான் வாசலைப் பார்த்தேன். வாசல் என்னைப் பார்த்தது. நான் போகவில்லை.

ஆனாலும் விதியை விட்டுவிடவில்லை. அன்று வகுப்பெடுக்காமல் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினோம். பயிற்சியாளரையும் போனில் கேட்டோம். கை நடுக்கம் வரை போயிருந்த இருவரைச் சிஸ்டர் மறுநாள் தன் காரிலேயே அரசு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஏறு" என்றார், ஏறினார்கள். மற்றவர்கள் வகுப்பில் இருக்கலாம் என்று முடிவாயிற்று. இருந்தார்கள். இருக்காமல் என்ன செய்வார்கள்? பாதிப் பேரின் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். சிலர் தாங்களே அவர் கையில் பிறந்தவர்கள்.

இரண்டாம் வாரம் பாயில் எல்லாரையும் படுக்கவைத்து உடல் முழுவதும் கவனத்தைக் கொண்டுபோகும் பயிற்சி. சிஸ்டர் நடத்தினார்.

"கால் கட்டவெரலுக்கு மனச அனுப்பு. விருப்பமிருந்தா. அப்பிடியே முட்டிக்கு வா. வயித்துக்கு வா. மூச்ச இழு. விடு. நல்லா இழு. விடு. இழு. இப்ப தள்ளு!"

கொஞ்ச நேரம் கழித்து மணியம் கண்ணை மூடியபடியே கேட்டார்: "என்னத்த சிஸ்டர்?"

அன்று வகுப்பு அத்துடன் முடிந்தது. சிரித்துப் புரண்டவர்களை மீண்டும் படுக்கவைக்கக் கையேட்டில் வழி இல்லை. அந்த வாரத்திலிருந்து தாமான் முழுக்க 'விருப்பமிருந்தா' பரவியது. சாப்பாட்டுக் கடையில் ரெண்டு ரொட்டி சானாய், விருப்பமிருந்தா. மச்சான், மோட்டாரக் கொஞ்சம் நவுத்து, விருப்பமிருந்தா. இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். "பரவட்டும். மரியாதையாத்தான இருக்கு?" என்றார்.

இடையில் சிஸ்டரின் மகள் நான்கு மாதக் கர்ப்பம் என்று செய்தி வந்தது. சிஸ்டர் என்னிடம் சொன்ன விதம் இதுதான்: "நாள் ஓடுது சார். பயிற்சியாளருகிட்ட சொல்லி சீக்கிரம் பாஸ் போடச் சொல்லுங்க."

பயிற்சியாளர் பாஸ் போடவில்லை. எங்கள் பதிவுகளைப் பார்த்துவிட்டு இணையத்தில் கூப்பிட்டார். என்னைப் பற்றி, கையேட்டை அப்படியே வாசிக்கிறேன் என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சிஸ்டரிடம் வேறு குறை. "மௌனமாக இருப்போம் என்று சொல்கிறீர்கள். ஆனால் நீங்கள் இருப்பதில்லை. ஒரு மூச்சு நேரம்கூட விடாமல் பேசுகிறீர்கள். அவர்கள் தங்களோடு இருக்க இடமே இல்லை. அது இல்லாமல் நான் உங்களுக்குச் சான்றிதழ் தர முடியாது." அவர் சொன்னது சரி. நானே பார்த்திருக்கிறேன். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "ஃபேன் சத்தம் கேக்குதா, கேளு, சேவல் கத்துது, அதயும் கேளு" என்று அமைதியையும் பட்டியல் போட்டுக்கொண்டே போவார்.

"ஏன் பேசுகிறீர்கள்? பேசாவிட்டால் என்ன ஆகிறது?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

வழக்கம்போல் ஏதாவது வெடுக்கென்று வரும் என்று எதிர்பார்த்தேன். என் வீட்டு மேசையில், மடிக்கணினி முன்னால், சிஸ்டர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"லேபர் ரூம்ல சத்தம் இருந்தா பயமில்ல சார். அம்மா கத்துவா, நம்ம கத்துவோம், எல்லாம் நல்லதுதான். புள்ள வெளிய வந்து, அப்ப சத்தம் இல்லன்னாதான்…" நிறுத்தினார். "அழலன்னா ஓடணும் சார். எத்தன வருசம். சத்தம் நின்னா என் காலு தானா ஓடும்."

திரையில் பயிற்சியாளர் அசையாமல் இருந்தார். இணைப்பு போய்விட்டதோ என்று நான் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். போகவில்லை.

"அந்த 'ஓட வேண்டும்' என்ற துடிப்பையும் கவனித்துப் பாருங்கள், சிஸ்டர்" என்றார் பிறகு.

"ஓடிட்டு வந்து பாக்கறேன்" என்றார் சிஸ்டர். குரலில் பழைய வேகம் இல்லை.

கடைசி வாரம் தாமே நேரில் வந்து பார்ப்பதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய ரயில் பயணங்களில் சிஸ்டர் மௌனம் பழகினார். சிரம்பானில் ஏறியதும், "இனிமே நான் பேச மாட்டேன். நீங்களும் பேசாதீங்க" என்று அறிவிப்பார். வண்டி திரோய் நிலையத்தைத் தாண்டுவதற்குள், எதிரே பிள்ளையுடன் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "தலைய தாங்கிப் புடி" என்பார். பிறகு என்னைப் பார்த்து, "அது கணக்கில்ல" என்பார். மணியத்தின் பீரைப் போல. ஒருமுறை மௌனம் நீலாய் நிலையம்வரை தாங்கியது. கோலாலம்பூரில் இறங்கும்போது அவர் நெற்றி வியர்த்திருந்தது.

மதிப்பீட்டு ஞாயிறன்று அவருடைய கார் கிளம்ப மறுத்ததால் மகள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள். முதல்நாள் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். வயிறு முன்னால் வர, பின்னால் வந்தாள். என்னை வணங்கிவிட்டு, "அங்கிள், அம்மா உண்மையாவே கிளாஸ் நடத்துறாங்களா, இல்ல கத்துறாங்களா?" என்று கேட்டாள்.

"உள்ளே உட்கார்ந்து பாரம்மா" என்றேன்.

பின்வரிசையில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர். முன்னால் சிஸ்டர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வகுப்பு வழக்கம்போல் போனது. விருப்பமிருந்தாக்கள் போதுமான அளவில் விழுந்தன. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிஸ்டர் சொன்னார்:

"இப்ப கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டோம். நானுந்தான்."

மின்விசிறி சுற்றியது. தூரத்தில் லோரி ஒன்று கியர் மாற்றி மேடேறியது. சேவல் கூவியது. யாரும் அதைக் கேட்கச் சொல்லவில்லை. நான் கண்ணை மூட வேண்டியவன். மூடவில்லை, சிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் முழங்காலைப் பிடித்திருந்தன.

அப்போது மணியம் அழ ஆரம்பித்தார். பெரிய உடம்பு, சத்தமில்லாமல் அழத் தெரியாத உடம்பு. முதலில் மூச்சு அடைத்தது, பிறகு தோள்கள் குலுங்கின. பக்கத்திலிருந்தவர்கள் அரைக்கண் திறந்து சிஸ்டரைப் பார்த்தார்கள். 'டே, என்னாடா இது, அழாத, எழு, தண்ணி குடி' எல்லாம் அவர் உதட்டில் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. வலது கை முழங்காலைவிட்டு எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு மெதுவாக, யாரோ ஒருவருடைய கையைத் திரும்ப வைப்பதுபோல், முழங்காலிலேயே வைத்துக்கொண்டார்.

மணியம் அழுது முடித்தார். மூக்கைச் சிந்தினார். மூச்சு சீரானது. அதன் பிறகும் சிஸ்டர் பேசவில்லை. கடைசியில் சிறிய மணியைத் தட்டினார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா வந்துச்சி" என்றார் மணியம்.

"சரி" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான் சொன்னார்.

நான் பின்வரிசையைப் பார்த்தேன். மகள் மணியத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு கலைந்து, காரருகே நின்றபோது பேசினாள். நான் பாய்களைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"ம்மா. லேபர் ரூமுக்கு நீ வா."

சிஸ்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"இரு, முடிக்கல. 'தள்ளு'ன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"விருப்பமிருந்தாவா?"

"விருப்பமிருந்தாலும் சொல்லக் கூடாது. ஓக்கேவா?"

"ஒருத்தர்தான உள்ள வரலாம்? மாப்ள?"

"அவரு காரிடோர்ல உக்காருவாரு. நான் சொல்லிக்கறேன்."

ஒருவருக்குத்தான் அனுமதி என்பது நடைமுறை என்று நானும் உறுதிப்படுத்தினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பயிற்சியாளர் தேர்ச்சி கொடுத்தார், ஒரு குறிப்புடன்: அழைப்பு மொழியில் மேலும் பயிற்சி தேவை. சான்றிதழ் வந்த உறையைச் சிஸ்டர் பிரித்ததாகத் தெரியவில்லை. அதை யாரிடமும் காட்ட வேண்டிய தேவை அப்போது இருக்கவில்லை.

குழந்தை பிறந்து சில நாட்கள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தேன். வழக்கம்போல் ஒரே மடக்காகக் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த நர்சு சின்னப் பொண்ணு சார். கெட்டிக்காரிதான். ஆனா தல தெரியுது, இவ சும்மா நிக்கிறா. இப்ப சொல்லணும், இப்ப சொல்லணும்னு எனக்கு இங்க முட்டுது." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "சொல்லல."

"நர்ஸ் சொன்னாளா?"

"சொன்னா. கொஞ்சம் லேட்டு. ஆனா சரிதான்." அதை ஒப்புக்கொள்ள அவருக்குத் தேநீர் ஒரு வாய் தேவைப்பட்டது. "புள்ள வெளிய வந்துச்சி. பொம்பளப் புள்ள. அழல சார்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த ரூம்ல ஒரு சத்தம் இல்ல. நர்சும் டாக்டரும் புள்ளையத் தொடைக்கறாங்க, அவங்க வேலைய அவங்க பாக்கறாங்க. எங்காலு ரெண்டும் ஓடுது. நான் நிக்கறேன். எம்பொண்ணு கை எங்கையில இருக்கு. 'ம்மா, ஏன் அழல?'ன்னு கேக்கறா. நான் என்னா சொல்றது? மூச்ச இழுத்தேன். விட்டேன். அவளும் இழுத்தா. விட்டா."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல சார். கடியாரத்த பாக்கல." வாழ்நாள் முழுவதும் அந்த அறையில் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதியவர் அவர். "அப்பறம் கத்துச்சி பாருங்க! வார்டே திரும்பிப் பாத்துச்சி. அப்பிடியே என் கொரலு."

பிறகு நாக்கை நீட்டிக் காட்டினார். ஓரத்தில் பல் பதிந்த தடம் இன்னும் ஆறாமல் இருந்தது.

"கடிச்சிக்கிட்டேன். நடைமுறையில இருக்கா சார் இது?"

இல்லை என்றேன்.

மகள் வேலைக்குத் திரும்பும்போது, "நீ இங்கயே இரும்மா" என்று சொல்லிவிட்டாள். சிஸ்டர் கோலாலம்பூருக்கே குடிபோய்விட்டார். இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பேத்தி இப்போது அடுக்குமாடியின் மின்தூக்கியில் அந்நியர்களை 'தள்ளி நில்லு' என்கிறாளாம். அழைத்துக் கேட்டால், "கொழந்த லா, அதுக்கு என்னா தெரியும்" என்று சிஸ்டர் பெருமையாகச் சொல்வார்.

தோட்டத்து மண்டபத்தில் வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். பெயர் மாறவில்லை, நிதான வகுப்புதான். மணியம் வருகிறார். குடியை விட்டுவிட்டாரா என்று கேட்டால், "கொறச்சிட்டேன் சார், இப்பல்லாம் நிதானமா குடிக்கிறேன்" என்கிறார். வெள்ளிக்கிழமை உண்மையாகவே கணக்கிலிருந்து போய்விட்டது என்று அவர் மனைவி சாட்சி சொல்கிறார். இப்போது சில பெண்களும் உள்ளே வந்து உட்காருகிறார்கள்.

போன ஞாயிறு எல்லாரையும் படுக்கவைத்தேன். கையேட்டில் உள்ளபடி, "இப்போது உங்களுக்கு விருப்பமிருந்தால், உங்கள் மூச்சின் மீது மெல்லக் கவனத்தைக் கொண்டுவர, உங்களை நீங்களே அனுமதித்துப் பார்க்கலாம்" என்றேன். நல்ல வாக்கியம். அழைப்பு மொழியில் ஒரு குறையும் காண முடியாது.

பாயிலிருந்து மணியத்தின் குரல் வந்தது. "சார், தூக்கம் வருது சார். சிஸ்டரு மாதிரி ஒருவாட்டி அதட்டுங்களேன். விருப்பமிருந்தா."

சுற்றிலும் பார்த்தேன். பயிற்சியாளர் யாரும் இல்லை. கையேட்டை மூடித் தரையில் வைத்தேன்.

"மூச்ச இழு" என்றேன். "விடு."

மண்டபம் முழுவதும் இழுத்து, விட்டது.